இடமிருந்து வலம்

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "ஏப்பா, லோயர் கேம்ப்ல கரண்டு எடுக்கிற கதையெல்லாம் வேணாம். அதைப் போன தடவையே ஒருத்தர் பேசிட்டாரு. நீ ஏதோ பழைய போட்டோ சேக்குறியாமே, அதைப் பேசு" என்றார். அவர் பேச்சைத் தட்ட முடியுமா? வந்துவிட்டேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மின் நிலையத்தில் பொறியாளர். இசை படித்தவன் இல்லை. சரளி வரிசைகூடத் தெரியாது. ராகம், தாளம் என்று எதையாவது எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். நான் சேர்ப்பது படம். பெட்டி வாசித்தவர்களின் பழைய புகைப்படம். பெட்டி என்றால் ஆர்மோனியம். அதற்கும் முன்னால், அமெரிக்காவில் ஜாஸ் என்கிற இசையில் பியானோ வாசித்தவர்களின் படம். ஜாஸ் அமெரிக்கக் கறுப்பின மக்கள் உருவாக்கியது. எழுதிவைத்ததை அப்படியே வாசிக்காமல், மேடையிலேயே கற்பனையாக விரித்து வாசிப்பார்கள். நம்ம ஊர் கற்பனாஸ்வரம் மாதிரி என்று சொன்னால் இரண்டு பக்கத்து வித்வான்களும் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் இங்கே புரிந்துகொள்ள அது போதும்.

லோயர் கேம்புக்கும் ஜாஸ் பியானோவுக்கும் என்னடா சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் நம் கல்லூரி நூலகத்தில்தான் ஆரம்பித்தது. கடைசி அலமாரிக்குப் பின்னால் பைண்டு பண்ணின பழைய பத்திரிகைகள் இருந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். மதியத் தூக்கத்துக்கு அதைவிடக் குளிர்ச்சியான இடம் வளாகத்தில் கிடையாது. அங்கே 'ஸ்பான்' இதழ்த் தொகுதி ஒன்றில் பியானோ முன்னால் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வியர்வை, கண் மூடியிருந்தது. படம் நல்ல படம்தான். ஆனால் என்னை நிறுத்தியது அதற்கு அடியில் இருந்த இரண்டு வரி. வாசித்தவர் பெயர், வாசித்த இடம், ஆண்டு, படம் எடுத்தவர் பெயர். நாலும் இருந்தது.

பிறகு தேடித் தேடிப் படித்தேன். வில்லியம் காட்லீப் என்று ஒரு பத்திரிகையாளர். ஜாஸ் பற்றி எழுதப் போனவர். படம் எடுக்க ஆள் வைக்கப் பத்திரிகை காசு தரவில்லை என்று தானே கேமராவை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். 1938 முதல் 1948 வரை அவர் எடுத்தவற்றில் 1,600-க்கும் மேற்பட்ட படங்களை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1995-ல் வாங்கியது. 2010 பிப்ரவரியிலிருந்து அவற்றை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். என் வீட்டுச் சுவரில் இருக்கிற ஜாஸ் படங்கள் எல்லாம் அப்படி இறக்கி மதுரையில் அச்சுப் போட்டவைதான். அந்தக் காலத்து அசல் அச்சுக்கு வெளிநாட்டில் கேட்கிற விலையைச் சொன்னால் என் வீட்டம்மா மேடைக்கே வந்துவிடுவார்.

அதில் ஒரு படம், நியூயார்க்கில் மின்டன்ஸ் என்கிற கிளப்பின் வாசலில் நாலு பேர் நிற்பது. எடுத்தது 1947 செப்டம்பர் வாக்கில். நமக்குச் சுதந்திரம் வந்த அடுத்த மாதம். இடமிருந்து வலம்: பியானோ வாசித்த தெலோனியஸ் மாங்க், ஹோவர்ட் மெக்கீ, ராய் எல்ட்ரிஜ், டெடி ஹில். அன்றைக்கு மாங்க்குக்குப் பெரிய புகழ் ஒன்றும் இல்லை. ஆனாலும் பெயர் எழுதப்பட்டது.

இன்னொரு படம் இதைவிட முக்கியம். 1958 ஆகஸ்ட் 12 காலையில் ஹார்லெம் பகுதியில் ஒரு வீட்டுப் படிக்கட்டில் ஜாஸ் கலைஞர்கள் 57 பேரைக் கூட்டி நிறுத்தி ஆர்ட் கேன் என்பவர் 'எஸ்குவயர்' பத்திரிகைக்காக எடுத்த படம். பியானோக்காரர்களில் மாங்க் இருக்கிறார். மேரி லூ வில்லியம்ஸ் இருக்கிறார். கவுன்ட் பேசி நின்று நின்று கால் வலித்து, தெருப் பிள்ளைகளோடு நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். வில்லி ஸ்மித் என்று ஒரு மூத்த பியானோக்காரர், 'சிங்கம்' என்று பட்டப்பெயர். அவரும் வந்திருந்தார். ஆனால் காத்திருந்து அலுத்துப் பக்கத்துப் படியில் போய் உட்கார்ந்த நேரத்தில் கேமரா கிளிக் ஆகிவிட்டது. படத்தில் அவர் இல்லை. அவர் ஏன் இல்லை என்பதுவரை எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு படத்தைப் பற்றியே 1994-ல் ஒரு ஆவணப்படம் வந்தது.

இதே 1958-ல்தான் லோயர் கேம்ப் மின் நிலையத்தில் முதல் இயந்திரம் ஓடத் தொடங்கியது. இதே 1958-ல்தான் டேவ் புரூபெக் என்கிற ஜாஸ் பியானோக்காரர் தன் குழுவோடு சென்னைக்கு வந்து, பழனி சுப்பிரமணிய பிள்ளையைச் சந்தித்து அவருடைய மிருதங்கத்தைக் கேட்டார். இடதுகைப் பழக்கம் உள்ள மாமேதை, நம் மலைக்கு அந்தப் பக்கத்து ஊரின் பெயரைத் தாங்கியவர். ஒரே வருடத்தில் மூன்றும். இதில் அர்த்தம் ஒன்றும் இல்லை. எனக்கு மட்டும் ஒரு சந்தோஷம், அவ்வளவுதான்.

சரி, நம்ம பக்கத்துக்கு வருவோம்.

வேலை கிடைத்து லோயர் கேம்ப் வந்தேன். கம்பம் பள்ளத்தாக்கில் எந்த டீக்கடைக்குப் போனாலும், எந்த விவசாயி வீட்டுக்குப் போனாலும் ஒரு வெள்ளைக்காரர் சுவரில் இருப்பார். கர்னல் பென்னிகுவிக். 1841-ல் பிறந்தார், 1911-ல் மறைந்தார், 1895-ல் பெரியாறு அணையை முடித்துத் தந்தார். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள். ஜனவரி 15 அவர் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். 2013-ல் லோயர் கேம்பிலேயே அவருக்கு மணிமண்டபம் திறந்தார்கள். ஆக, இந்தப் பள்ளத்தாக்குக்குப் புகைப்படத்தின் மரியாதை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் அதே சுவரில், பென்னிகுவிக்குக்கு இரண்டு அடி தள்ளி, கண்ணாடி மங்கின ஒரு குரூப் போட்டோவைச் சில வீடுகளில் பார்த்தேன். நாடகக் குழு. நடுவில் ராஜபார்ட், கிரீடத்தோடு. பக்கத்தில் ஸ்திரீபார்ட். கீழே பபூன், பல்லைக் காட்டிக்கொண்டு. ஓரத்தில், பாதி நிழலில், வேட்டி சட்டையோடு ஒருவர். முன்னால் ஆர்மோனியப் பெட்டி. "இது யாருண்ணே?" என்று கேட்டால் ராஜபார்ட் பெயர் சொல்வார்கள், ஸ்திரீபார்ட் பெயர் சொல்வார்கள். ஓரத்தில் இருப்பவரைக் காட்டினால், "அவரா... அவரு பெட்டிக்காரருப்பா" என்பார்கள். அதோடு முடிந்தது.

ஸ்பெஷல் நாடகம் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பெட்டிக்காரர் இல்லாவிட்டால் நாடகமே இல்லை. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து வருவார். ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள், 1922-லேயே மறைந்துவிட்டார், அவர் எழுதிக்கொடுத்த வள்ளி திருமணத்தையும் பவளக்கொடியையும் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். இரவு பத்து மணிக்கு மேடையில் சந்தித்து விடியும்வரை ஓட்டுவார்கள். அத்தனை பேருக்கும் சுருதி கொடுத்து, பாட்டு எடுத்துக்கொடுத்து, பின்பாட்டுப் பாடி, ஒருவர் வரி மறந்தால் வாத்தியத்தாலேயே சமாளித்து, எட்டு மணி நேரம் எழுந்திருக்காமல் உட்காருகிறவர் அவர். எங்கள் பாஷையில் சொன்னால், எந்த இயந்திரம் நின்றாலும் லோடை எடுத்துக்கொள்கிற யூனிட்.

இந்த வாத்தியத்துக்கே நம் நாட்டில் மரியாதை குறைவு. பாரிஸில் 1842-ல் காப்புரிமை வாங்கிய வெள்ளைக்காரப் பெட்டி, கமகம் வராது என்று சொல்லி அகில இந்திய வானொலி 1940-லிருந்து 1971 வரை ஆர்மோனியத்தை உள்ளேயே விடவில்லை. கமகம் விஷயத்தில் அவர்கள் சொன்னது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு ஞானம் போதாது. ஆனால் முப்பத்தோரு வருடம் வானொலியில் இடம் இல்லாதவனுக்குப் பத்திரிகையில் படம் எப்படி வரும், பேர் எப்படி நிற்கும்? செங்கோட்டை கிட்டப்பாவைத் தெரியாதவர் உண்டா? 1933-ல், முப்பது வயதுகூட ஆகாமல் போய்ச் சேர்ந்தவர், இன்றைக்கும் அவர் படத்தைக் காட்டினால் பெரியவர்கள் சொல்வார்கள். அவருக்குப் பெட்டி வாசித்த சகோதரர் காசி ஐயரின் படத்தைக் காட்டி யார் என்று கேட்டுப் பாருங்கள். இத்தனைக்கும் அவர் பெயராவது எழுத்தில் இருக்கிறது.

மேலே ஏறி வந்தவர்களும் உண்டு. ஜி. ராமநாதன் நாடகப் பெட்டியிலிருந்து சினிமாவுக்குப் போனவர். எம்.எஸ். விசுவநாதன் பெட்டியோடுதான் வாழ்ந்தார். நம் பண்ணைப்புரத்து இளையராஜா அண்ணன் பாவலர் வரதராசனோடு ஊர் ஊராகக் கச்சேரி பண்ணி, சென்னை போய் தன்ராஜ் மாஸ்டரிடம் பியானோ கற்று, 1976-ல் 'அன்னக்கிளி'யில் வந்தார். பெட்டியும் பியானோவும் ஒரே கையில் சேர்ந்தது நம்ம பள்ளத்தாக்குக் கையில்தான். அவர் ஆர்மோனியத்தோடு இருக்கிற படத்தைச் சின்னப்பிள்ளைகூடச் சொல்லும். நான் தேடுவது மேலே வராமல், இங்கேயே வாசித்து, இங்கேயே கண்ணை மூடினவர்களை.

இதுவரை 63 படம் சேர்ந்திருக்கிறது. பெரும்பாலும் பிரதிகள்தான். குடும்பத்திடம் நான் அசலை வாங்குவதில்லை. வீட்டுக்கே போய் அங்கேயே நகல் எடுத்துக்கொள்வேன். பிறகு பெரிதாக அச்சுப் போட்டு ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். 63-ல் பெயர் தெரிந்தது 22. மீதி 41 பேர் பெட்டிக்காரர்கள். அவ்வளவுதான்.

எங்கள் நிலையத்தில் ஒவ்வொரு இயந்திரத்திலும் ஒரு நேம் பிளேட் இருக்கும். செய்த வருடம், வரிசை எண், எத்தனை கிலோவாட் என்று பொறித்திருக்கும். அது உதிர்ந்துபோன பழைய பம்ப் ஒன்று வந்தால் எங்கள் ஆட்கள் தொடவே யோசிப்பார்கள். படமும் அப்படித்தான்.

பெயர் கண்டுபிடிப்பது லேசான வேலை இல்லை. ஒன்று சொல்கிறேன். கூடலூர்ப் பக்கம் ஒரு வீடு. சுவரில் படம், ஸ்டுடியோவில் எடுத்தது. பின்னால் வரைந்த திரை, தூண், பூந்தொட்டி. பெட்டியைத் திறந்துவைத்து, விரலைக் கட்டைமேல் வைத்து உட்கார்ந்திருக்கிறார். பியானோவை யாரும் ஸ்டுடியோவுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. இவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். வீட்டில் எண்பது வயதைத் தாண்டின அம்மா ஒருவர், அவருடைய மனைவி.

"அம்மா, அய்யா பேரு என்னங்கம்மா?" என்றேன்.

அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "அதெப்படித் தம்பி நான் சொல்றது?"

புரிந்தது. புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது. அவர் போய் நாற்பது வருடம் ஆகிவிட்டது, இன்னும் சொல்லக்கூடாது.

"சரிங்கம்மா, சாமி பேரா?"

"சாமி பேருதான். மலை மேல நிக்கிறவரு."

பள்ளத்தாக்கில் நின்றுகொண்டு மலைமேல் நிற்கிற சாமி என்றால் நான் எந்தப் பக்கம் திரும்புவது? பழனியில் ஆரம்பித்தேன். இல்லை என்று தலையாட்டினார். திருத்தணி? இல்லை. சுருளிக்குப் போனேன், திருப்பதிக்குப் போனேன். அந்த அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பேரனுக்கு அந்தப் பேருதான் வச்சிருக்கு" என்றார். சரி, பேரனைக் கூப்பிடுங்கள் என்றேன். "ஏ தம்பி, இங்க வாடா" என்று உள்ளே குரல் கொடுத்தார். அந்தப் பையனையும் அவர் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிறந்ததிலிருந்து அவன் 'தம்பி'தான். அவன் வந்து சொன்னான். குடும்பம் சரி என்று சொன்ன பிறகு அந்தப் பெயர் வேறொரு இடத்தில் வரும்; இங்கே சொல்லவில்லை. படத்துக்குப் பின்னால் பென்சிலால் எழுதினேன். எழுதினதை வாசித்துக் காட்டட்டுமா என்றேன். "வேணாம், நீங்க எழுதினாப் போதும்" என்றார். ஆனால் விரலை அந்த எழுத்தின்மேல் வைத்துப் பார்த்தார். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

அவர் கேட்டது ஒன்றுதான். "இவரு வாசிச்சது உங்ககிட்ட இருக்கா தம்பி?" இல்லை. யாரிடமும் இல்லை. அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

இன்னொரு வீட்டில் குரூப் போட்டோவில் பெட்டி இருக்கிறது, இரண்டு கை இருக்கிறது, தலை இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக ஓட்டை. அவர் இறந்தபோது மாலை போட்டு வைக்க வேறு படம் இல்லை. தலையை மட்டும் கத்தரித்து ஸ்டுடியோவில் கொடுத்து, கோட்டு டையெல்லாம் வரைந்து பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். அவர் ஆயுளில் கோட்டுப் போட்டவரே இல்லை என்று மகன் சொன்னார். கோபித்துக்கொள்ள முடியுமா? அப்பா முகம் வேண்டும், பெட்டி வேண்டாம். அவர்கள் நியாயம் அவர்களுக்கு.

நாடக நோட்டீஸ் பெரிய உதவி. அந்த நோட்டீஸ்களில் நடிகர்களுக்குச் சின்னச் சின்ன பிளாக் படம் இருக்கும். பெட்டிக்காரருக்கு மிகப் பல நோட்டீஸில் பெயர் மட்டும்தான். ஆக, படம் ஒரு வீட்டில், பெயர் ஒரு நோட்டீஸில். ராஜபார்ட் முகத்தை வைத்து, ஊரை வைத்து, திருவிழாத் தேதியை வைத்து இரண்டையும் சேர்க்க வேண்டும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் பெட்டியின் முகப்பில் கடைக்காரர் பெயர்கூடத் தெரியும். 22-ல் ஐந்து பெயர் இப்படி வந்தது.

அழிவது எங்கே என்று கேட்டால், மூன்று இடம். ஒன்று, ஸ்டுடியோ மூடும்போது. பழைய நெகட்டிவை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். அதிலிருந்து வெள்ளி எடுக்க ஆள் இருக்கிறது. கண்ணாடி நெகட்டிவாக இருந்தால் கழுவிவிட்டு வெறும் கண்ணாடியாக விற்றதும் உண்டு. இரண்டு, வீடு இடித்துக் கட்டும்போது. மூன்று, என்னைப் போல் சேர்க்கிறவர்கள்! காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பாருங்கள், அழகான பழைய போட்டோக்கள் கிடைக்கும். யார் வீட்டுத் தாத்தா என்று கேட்டால் கடைக்காரருக்குத் தெரியாது. சில பேர் பர்மாத் தேக்குச் சட்டத்துக்காகவே வாங்கி, உள்ளே இருக்கிற தாத்தாவைக் குப்பையில் போடுவதைப் பார்த்திருக்கிறேன். சுவரில் அழகாக இருக்கும் என்பதற்காகப் பெயர் இல்லாத முகத்தைக் காசு கொடுத்து வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. பொருளாக வாங்கினால் பொருளாகத்தான் இருக்கும்.

நல்ல காரியம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய நாடக நூல்களையும் நோட்டீஸ்களையும் காப்பாற்றி வைத்திருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோப் படங்களை மின்பதிவு செய்திருக்கிறது. ஆனால் அவர்களால் ஒவ்வொரு வீட்டுத் திண்ணைக்கும் வர முடியாது. அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற பாட்டி நம் வீட்டுப் பாட்டி.

இந்த மலரைப் புரட்டினால் நம் துறைகளின் குரூப் போட்டோக்கள் இருக்கும். அடியில் 'இடமிருந்து வலம், அமர்ந்திருப்பவர்கள், நிற்பவர்கள்' என்று பெயர் இருக்கும். எங்கள் வருடத்துப் படத்தையும் எடுத்துப் பார்த்தேன். அமர்ந்திருப்பவர்கள், பெயர். நிற்பவர்கள், பெயர். வலது ஓரத்தில் பணிமனையில் எங்களுக்கு அரம் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரும், ஆய்வகத்தில் பியூஸ் போனபோதெல்லாம் சத்தமில்லாமல் போட்டுக்கொடுத்தவரும் நிற்கிறார்கள். பட்டியல் கடைசியில் 'மற்றும் ஆய்வக உதவியாளர்கள்' என்று முடிகிறது. செயலாளர் அண்ணனிடம் கேட்டேன்; அந்த இரண்டு பெயரையும் தேடி வாங்கி, இந்த மலரில் அந்தப் படத்துக்கு அடியில் சேர்க்கச் சம்மதித்திருக்கிறார். மற்ற வருடத்துக்காரர்கள் அவரவர் படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பழைய படம் இருக்கிறவர்களுக்கு நாலு வார்த்தை. கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள், முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே நகல் எடுங்கள். சமையலறைச் சுவரும் ஓதம் ஏறுகிற சுவரும் ஆகாது. ஈரத்துணி போடாதீர்கள். ஓரத்தில் நீலமாக, கண்ணாடி மாதிரி மினுமினுப்புத் தெரிந்தால் அது அழுக்கு இல்லை, வெள்ளி மேலே வருகிறது, தேய்க்கக் கூடாது. பின்னால் எழுத மிருதுவான பென்சில்தான், பால்பாயிண்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் தெரியும். எழுத வேண்டியது பெயர், ஊர், வருடம், சொன்னவர் யார். போனில் பாட்டி குரலைப் பதிவு பண்ணிக்கொள்ளுங்கள் தம்பிகளா. பெயர் சொல்ல மாட்டார், ஆனால் மலையைக் காட்டுவார்.

அடுத்த பக்கத்தில் ஒரு படம் அச்சிடச் சொல்லியிருக்கிறேன். 41-ல் ஒன்று. அட்டையில் ஸ்டுடியோ முத்திரை தேய்ந்து 'கம்பம்' என்பது மட்டும் படிக்க முடிகிறது. அஞ்சு பேர். இடமிருந்து வலம் இரண்டாவது ஆள். காதில் கடுக்கன், இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு, வலது கைச் சுண்டுவிரலில் மோதிரம். பெட்டியின் இடது கோடியில் ஒரு கட்டை உடைந்திருக்கிறது. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர்க்காரர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பெரியவர்களிடம் காட்டுங்கள். யாராவது ஒருவர் "இவரு நம்ம..." என்று ஆரம்பித்தால், சங்க அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள், நான் வந்துவிடுகிறேன்.